கம்பளச் சலவையும் கட்டணக் கணக்கும்

ஒரு பண்டத்தை விற்பவனுக்கு விலை கூறுவது எளிது. அதனை வாங்கிய விலை அவன் கையிலுள்ள சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதன்மேல் தனக்கு வேண்டிய இலாபத்தை வைத்துச் சொல்லிவிடலாம். உழைப்பை விற்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் விற்பது தன்னுடைய நாளை. அந்த நாள் என்ன விலைக்கு வந்தது என்று அவனுக்கு எவரும் சீட்டு எழுதித் தருவதில்லை. ஆதலால் விலை கூறவேண்டிய வேளை வரும்பொழுது, பக்கத்துத் தெருக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதில் ஒரு ரூபாயைக் குறைத்துச் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வரப்போகிறது என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிறு தொழில் செய்வோரின் கணக்கேடுகளைப் பார்த்து ஆலோசனை கூறுவது என் அலுவல். கம்பளச் சலவைத் தொழிலைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. எந்த எந்திரம் வாங்கலாம், எந்தக் கரைசல் நல்லது என்பனவற்றையெல்லாம் நன்கு அறிந்துகொண்டே வருகின்றனர். கடைசியில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சதுர அடிக்கு என்ன வாங்கலாம், ஐயா?" இக்கேள்விக்கு ஓர் எண்ணை விடையாகக் கூறுவது அவர்களுக்கு நான் செய்யும் தீங்காகும். அந்த எண்ணைக் காணும் வழியையே நான் கூறுவது வழக்கம். அதனையே இப்பேச்சில் நேயர்களுக்கும் விளக்க விரும்புகிறேன்.

விரிப்பு வெளுத்தல் நம் ஊர்களுக்குப் புதிய வேலையன்று. பவானி ஜமக்காளம் விரித்த வீடுகளில், அது அழுக்கேறினால் வண்ணார் வந்து எடுத்துச் செல்வார். ஆற்றங்கரையில் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டுவந்து தருவார். கிராமங்களில் அவருக்குரிய கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. எத்தனை மரக்கால் என்பதைத் தீர்மானித்தவர் நெல்லுக்கு உடையவரே, துவைத்தவர் அல்லர். துவைத்தவர் செலவிட்ட நாட்களும், உவர்மண்ணும், விறகும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தன் வேலைக்குத் தானே விலை சொல்லும் உரிமை உழைப்பவனுக்கு மிகவும் பிற்காலத்தில் வந்த உரிமை. அது கைக்கு வந்த பின்னும், தன் கணக்கை அறியாமல் பிறர் வாயிலிருந்து விலையைக் கடன் வாங்குபவன், பழையபடி மரக்கால் பிடித்தவர் கையையே நோக்கி நிற்கிறான்.

தூசி உறிஞ்சும் எந்திரத்தின் வரலாற்றிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1901-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் அத்தகைய எந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது வீட்டுக்குள் நுழைய இயலாத அளவுக்குப் பெரியது. குதிரை வண்டியில் ஏற்றப்பட்டுத் தெருவில் நிற்கும். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக உள்ளே செலுத்தித் தரைவிரிப்பிலுள்ள தூசியை உறிஞ்சுவர். 1902-ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்து விரிப்புகளைத் துப்புரவு செய்தது அவ்வெந்திரமே. பூத் தொடங்கிய நிறுவனம் முதலில் எந்திரத்தை வீட்டார்க்கு விற்கவில்லை. வந்து துப்புரவு செய்துதரும் பணியையே விற்றது. அங்ஙனமாயின், வாங்கிய கட்டணத்தில் குதிரை தின்னும் புல்லும் அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? குதிரை தெருவில் சும்மா நிற்கும் நேரத்திலும் புல் தின்னும். இன்று குதிரையின் இடத்தில் லோடு ஆட்டோ நிற்கிறது. கணக்கு மாறவில்லை.

இத்தொழிலில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை முதலில் பார்ப்போம். எந்திரத்தை வண்டியிலேற்றி ஒரு வீட்டுக்குச் செல்கிறோம். சோபாவையும் மேசையையும் நகர்த்துகிறோம். கம்பளம் ஆட்டு மயிரா, பருத்தியா, சணலா, செயற்கை நூலா என்று பார்க்கிறோம். மூலையில் நனைந்த வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதிக்கிறோம். உலர்ந்த நிலையில் தூசியை உறிஞ்சுகிறோம். பிறகு கரைசலைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து, வெந்நீரைப் பாய்ச்சி, பாய்ச்சிய நீரை அழுக்கோடு உறிஞ்சி எடுக்கிறோம். விசிறி வைத்து ஈரத்தைத் தணிக்கிறோம். பொருள்களைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு எந்திரத்தைக் கழுவி ஏற்றுகிறோம். வீட்டுக்காரர் கண்ணில் வேலையாகப் படுவது வெந்நீர் பாயும் அரைமணி நேரந்தான். மற்றவை அவர் கண்ணில் படுவதில்லை. விலை கூறும் பலர் கண்ணிலும் அவை படாமற்போவதே வியப்பு.

இனிக் கணக்குக்கு வருவோம். எழுதுகோலும் தாளும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளலாம். இவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள்; உங்கள் ஊரில் இவை கூடலாம், குறையலாம். வழி ஒன்றே.

மதுரை போன்ற ஒரு நகரில் ஓர் இளைஞர், ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு இத்தொழிலைத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். எந்திரங்கள், குழாய்கள், தூரிகைகள், விசிறிகள் எல்லாம் சேர்ந்து 96,000 ரூபாய் ஆயின. அவை நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றால், அதாவது 48 மாதங்கள் என்றால், மாதத் தேய்மானம் 2,000 ரூபாய். பழுது பார்க்க 1,000. பொருள் வைக்கும் அறைக்கு வாடகை 4,000. தொலைபேசி, விளம்பரத்துக்கு 1,500. கடனுக்கு வட்டி 1,500. எதிர்பாராத சேதத்துக்கு ஒதுக்குவது 1,000. உதவியாளர் சம்பளம் 15,000. இளைஞர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் 20,000. மொத்தம் 46,000 ரூபாய்.

தம் சம்பளத்தை ஏன் எழுதவேண்டும், மிஞ்சுவதெல்லாம் தமக்குத்தானே என்று சிலர் கேட்பர். மிஞ்சினால் சரி. மிஞ்சாவிட்டால் அந்த மாதம் அவர் கூலியில்லாமல் உழைத்தார் என்பது பொருள். கணக்கில் எழுதாதவர்க்கு அது தெரியவே தெரியாது. வேறோர் இடத்தில் வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ, அதையேனும் எழுதவேண்டும்.

அடுத்து, மாதத்தில் எத்தனை நாள் வேலை நடக்கும்? விடுமுறை போக 26 நாட்கள் இருக்கலாம். அவற்றுள் சில, வேலை தேடி அலைவதிலும், அளவெடுப்பதிலும், எந்திரம் பழுது பார்ப்பதிலும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பளம் உலராது. ஆகவே பலர் வேலையைத் தள்ளிப்போடுவர். எனவே 20 நாட்கள் என்று வைப்போம். 46,000-ஐ 20-ஆல் வகுத்தால் 2,300 ரூபாய். வேலை நாளுக்கு வண்டி வாடகை 700. ஆக, ஒரு வேலை நாளின் அடக்கம் 3,000 ரூபாய். இந்த எண்ணே தொழிலின் அச்சாணி. இளைஞர் காலையில் எழுந்ததும் நினைவுகொள்ள வேண்டிய எண் இதுவே.

அந்த நாளில் எவ்வளவு பரப்பு வெளுக்க முடியும்? எட்டு மணி நேரத்தில் பயணமும், ஏற்றி இறக்குதலும், பொருள் நகர்த்துதலும், உணவும் நான்கு மணி நேரத்தைக் கொண்டுபோகும். எஞ்சிய நான்கு மணியில், சோதனையும் உலர்த்தலும் உட்பட முறையாகச் செய்தால் மணிக்கு 75 சதுர அடி வீதம், 300 சதுர அடி ஆகும் எனக் கொள்வோம். 3,000-ஐ 300-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 10 ரூபாய். கரைசலுக்கும் வெந்நீருக்கும் ஒரு ரூபாய். தொழில் வளர்வதற்கும் மோசமான மாதத்தைத் தாங்குவதற்கும் ஒரு ரூபாய். ஆக, 12 ரூபாய். இதுவே இந்த இளைஞர் கூறவேண்டிய விலை.

இப்பொழுது ஒரு சங்கடம் எழுகிறது. அதே ஊரில் வேறொருவர் 8 ரூபாய்க்குச் செய்கிறார் என்று கேள்விப்படுகிறார். நம் இளைஞர் 7 ரூபாய் என்று சொல்லிவிடுகிறார். வேலை வருகிறது. மாலையில் 2,100 ரூபாய் கையில் இருக்கிறது. மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால் அதில் கரைசலுக்கு 300-உம் வண்டிக்கு 700-உம் போக, 1,100 நிற்கிறது. இருபது நாளில் 22,000. கொடுக்கவேண்டியதோ 46,000. துண்டு விழுவது மாதம் 24,000 ரூபாய். அவருடைய சம்பளம் 20,000-உம் கரைந்து, அதற்குமேல் 4,000 ரூபாய் முதலிலிருந்தும் போகிறது. எந்திரம் தேய்வதை அது வாய்விட்டுக் கூறுவதில்லை. ஆதலால் முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாக நடப்பது போலவே தோன்றும்.

இந்தத் துண்டை நிரப்ப அவர் என்ன செய்வார்? அதிகப் பரப்பை வெளுக்க முயல்வார். 7 ரூபாயில் கரைசல் போக 6 ரூபாய் நிற்கிறது. ஒரு நாளின் அடக்கமாகிய 3,000 ரூபாய் கிடைக்கவேண்டுமென்றால் 500 சதுர அடி வெளுக்கவேண்டும். முறையாகச் செய்தால் அதற்கு ஆறு மணி நாற்பது நிமிடம் ஆகும். இருப்பதோ நான்கு மணி. எனவே ஏதோ ஒன்றை விடவேண்டும். முதலில் சாயச் சோதனை போகும். பிறகு உலர்நிலைத் தூசி எடுத்தல் போகும். பிறகு கரைசலை முழுவதும் அலசி எடுப்பது போகும். கடைசியில் உலர்த்தல் போகும்.

இவற்றின் விளைவை யார் அனுபவிப்பது? அலசாத கரைசல் நூலில் பிசுபிசுப்பாகத் தங்கி, புதிய தூசியைப் பற்றிக்கொள்ளும். சில வாரங்களிலேயே கம்பளம் முன்னிலும் அழுக்காகும். ஈரம் தங்கினால் துர்நாற்றமும் பூஞ்சையும் தோன்றும். சணல் விரிப்பு பழுப்பேறும். சாயம் நிற்காத கம்பளத்தில் சிவப்பு வெள்ளையில் பரவும்; அதை மீட்பது அரிது. வீட்டுக்காரர் 5 ரூபாய் மிச்சப்படுத்தினார். அதன் பொருட்டுக் கம்பளத்தை இழந்தார். உதவியாளர் உணவு வேளையையும் ஓய்வையும் இழந்தார். இளைஞர் தம் பெயரை இழந்தார். அடக்கத்துக்குக் கீழே கூறப்படும் விலையில் உள்ள பள்ளத்தை யாராவது ஒருவர் நிரப்பியே தீரவேண்டும். பெரும்பாலும் வாய்திறந்து கேட்க இயலாதவர்தாம் அதை நிரப்புகின்றனர்.

அப்படியானால் 8 ரூபாய்க்குச் செய்பவர் மோசடிக்காரரா என்று நேயர்கள் கேட்கலாம். அவ்வாறு முடிவு கட்டிவிடலாகாது. அவர் பெரும்பாலும் அலுவலகக் கூடங்களிலோ, விடுதிகளிலோ, திருமண மண்டபங்களிலோ வேலை செய்பவராக இருக்கலாம். திறந்த கூடத்தில் நகர்த்தப் பொருள் இல்லை. விரிப்பெல்லாம் ஒரே வகை. சோதனை ஒருமுறை போதும். அங்கே மணிக்கு 150 சதுர அடி முடியும் எனக் கொள்வோம். நான்கு மணியில் 600. 3,000-ஐ 600-ஆல் வகுத்தால் 5 ரூபாய். கரைசலுக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று. ஆக 7 ரூபாய். வீடுகளில் நம் இளைஞரைக் கவிழ்த்த அதே 7 ரூபாய், கூடத்தில் நியாயமான விலையாகிவிடுகிறது. பிறர் விலையைக் கேட்பதில் குற்றமில்லை. அவர் எந்த வேலைக்கு அந்த விலையை வாங்குகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

தள்ளுபடிக்கும் இதுவே விதி. செலவு குறையும் இடத்தில் விலை குறையலாம். ஒரே தெருவில் மூன்று வீடுகள் ஒரே நாளில் அழைத்தால் பயணம் மிச்சம். அதில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுக்கலாம். தொழில் புதிது என்பதற்காகச் சலுகை கொடுக்க விரும்பினால், ரசீதில் 12 ரூபாய் என்றே எழுதி, தொடக்கச் சலுகை இவ்வளவு, இன்ன தேதி வரை என்று கீழே குறிப்பது நலம். ஏனெனில் மக்கள் நினைவில் நிற்பது முதலில் கேட்ட விலைதான். 7 ரூபாயில் தொடங்கியவர் பிறகு 12 கேட்டால், "இத்தனை நாள் 7 ரூபாய்க்குச் செய்தாயே!" என்னும் பேச்சுக்கு அவரிடம் மறுமொழி இராது.

சிறிய வேலைக்கு வேறொரு சிக்கல் உண்டு. நான்கடிக்கு ஆறடிக் கம்பளம் 24 சதுர அடி. 12 ரூபாய் வீதம் 288 ரூபாய்தான். அதற்காக எந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குச் செல்ல முடியுமா? ஒரு நாளில் மூன்று வீடுகளுக்கு மேல் போக இயலாது எனில், ஒவ்வொரு வீடும் நாளின் அடக்கத்தில் 1,000 ரூபாயைச் சுமக்கவேண்டும். கரைசலையும் வளர்ச்சிப் பங்கையும் சேர்த்தால் 1,200; அதாவது 100 சதுர அடிக்குரிய கட்டணம். இதனைக் குறைந்த அளவுக் கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அதைத் தர இயலாதவரிடம், கம்பளத்தைச் சுருட்டி நம் அறைக்குக் கொண்டுவந்து தந்தால் சதுர அடி வீதத்துக்கே செய்து தருகிறோம் என்று கூறலாம். ஏழை எளியவர்க்கும் வழி அடைபடாது, நமக்கும் நட்டமில்லை.

எல்லாக் கம்பளத்துக்கும் ஒரே விலை கூறலாகாது. கையால் முடிச்சிட்ட ஆட்டுமயிர்க் கம்பளம் காரம் மிகுந்த கரைசலைத் தாங்காது. காஷ்மீரத்துப் பட்டுக் கம்பளத்தைக் கையாள்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர் அவ்வேலையை மறுத்துவிடுவதே நேர்மை. மஞ்சள், மை, குங்குமம் முதலிய கறைகளுக்கு முயற்சிக்கான கட்டணம் தனியே கூறலாம். கறை போய்விடும் என்று வாக்களிக்கலாகாது.

அளவு விஷயத்திலும் ஒழுங்கு வேண்டும். வீட்டுக்காரர் முன்னிலையில் நாடா பிடித்து அளந்து, நீள அகலத்தைச் சீட்டில் எழுதி, என்னென்ன வேலை இதில் அடங்கும் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். வாங்குவதையும் அளந்தே வாங்கவேண்டும். வீட்டுக்காரர் பேரம் பேசினால், விலையைக் குறைப்பதற்குப் பதிலாக வேலையைக் குறைக்கலாம். "நடுக்கூடத்தை மட்டும் இப்பொழுது செய்துகொள்ளுங்கள், அம்மா, உள்ளறையைப் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறினால், அவர் பணமும் மிச்சமாகும், செய்த வேலையும் குறைபடாது.

நிறுவனங்களுக்கு வேலை செய்யும்பொழுது பணம் உடனே வராது. காத்திருக்கும் காலத்துக்கு வட்டி உண்டு என்பதை விலையில் எண்ணவேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை ஒப்பந்தத்தில் கண்ட நாளுக்குள் தரவேண்டும். அந்தத் தவணை 45 நாட்களுக்கு மிகலாகாது. தவறினால் வட்டியும் உண்டு. எனவே உத்யம் பதிவைத் தொடக்கத்திலேயே செய்துகொள்வது நலம். வரியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் பணி மட்டும் வழங்குவோர்க்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நம் இளைஞரின் ஆண்டு வரவு, 12 ரூபாய் வீதம், 8 லட்சத்து 64 ஆயிரம். அவர் எல்லைக்குள் இருக்கிறார். எல்லையைத் தாண்டும் நாளில் வரி விலைக்கு மேல் தனியே வரவேண்டும். விலைக்குள் அடக்கிக்கொண்டால் இலாபம் முழுதும் அதிலேயே போய்விடும்.

இறுதியாக ஒன்று. இக்கணக்கில் உள்ள 20 நாட்கள், 300 சதுர அடி என்பன தொடக்கத்தில் வெறும் மதிப்பீடுகளே. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் பரப்பு, நேரம், கரைசல், வரவு ஆகிய நான்கையும் எழுதிவந்தால், மூன்று மாதத்தில் உண்மை எண்கள் கிடைக்கும். மாதம் 12 நாளே வேலை வந்தது எனக் கொள்வோம். 46,000-ஐ 12-ஆல் வகுத்து வண்டி வாடகையையும் கூட்டினால், நாளின் அடக்கம் 4,500 ரூபாயைத் தாண்டும். அடக்க விலையே சதுர அடிக்கு 16 ரூபாய் ஆகிவிடும். அதனை வாடிக்கையாளர் தலையில் ஏற்ற இயலாது. நம்மிடம் வேலை இல்லாத நாளுக்கு அவர் பொறுப்பாளி அல்லர். அந்நிலையில் விலையை உயர்த்துவது மருந்தாகாது, செலவைச் சுருக்கவேண்டும். எந்திரத்தை வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாம். உதவியாளரை வேலையுள்ள நாளுக்கு மட்டும், அதற்கு ஈடான நாட்கூலி கொடுத்து அழைக்கலாம். அவ்வாறு செய்தும் கணக்கு நேராகவில்லையென்றால், அந்த ஊரில் அத்தொழிலுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று பொருள். கடன் வாங்குவதற்கு முன்பே இதைத் தாளில் கண்டுகொள்பவர் பேறு பெற்றவர்.

ஆகவே, தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இவ்வளவே. எந்திரம் வாங்கப் போகும் முன் உங்கள் ஒரு நாளின் அடக்கத்தைக் கண்டறியுங்கள். அதனைக் கண்டறிந்தவர் விலையைத் தயங்காமல் கூறுவார். கேட்பவருக்கு விளக்கவும் அவரால் முடியும். வரும் ஆண்டிலும் அதே வீட்டு வாசலில், அதே உதவியாளரோடு, அதே நாணயத்தோடு நின்று வேலை செய்ய எந்த விலை இடங்கொடுக்குமோ, அதுவே உங்களுக்கும் வீட்டாருக்கும் நியாயமான விலை.